மிருதங்கத்தை எந்த அலமாரியில் வைப்பது?

1920 ஜனவரியில் 'நேச்சர்' அறிவியல் இதழில் தோற்கருவிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும். தோல் போர்த்திய கருவி தாளத்துக்குத்தான் உதவும், அதில் இசைவான சுரம் பிறக்காது என்பது அன்றைய மேலை ஒலியியலின் பொதுக் கருத்து. மிருதங்கமும் தபேலாவும் அதற்கு விலக்கு. அவற்றின் மேல்தொனிகள் ஒரு தந்தியின் மேல்தொனிகளைப் போல ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்று அந்தக் குறிப்பு அறிவித்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழ் முதல் தொகுதியில் ராமன் இதை விரிவான கட்டுரையாக்கினார். இந்தக் கட்டுரைகள் தொலைந்துபோகவில்லை. 1988இல் அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் தொகுதிகளாக வெளிவந்தபோது இரண்டாம் தொகுதி ஒலியியலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் மின்னாவணத்திலும் அவை இருக்கின்றன. ஆனால் ஓர் இசைக் கல்லூரி மாணவி மிருதங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுத உட்கார்ந்து, நூலகப் பட்டியலில் 'மிருதங்கம்' என்று தேடினால் இவை அவர் கண்ணில் படா. இரு கட்டுரைகளின் தலைப்பிலும் அந்தச் சொல் இல்லை. பொருள் வகைப்பாட்டில் அவை இயற்பியல். இருப்பது வேறு கட்டிடம், வேறு அலமாரி.

நம் கல்வி ஆவணங்களின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். வறுமை, கரையான், ஈரம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. காப்பாற்றப்பட்டவைகூடத் துறைவாரியாகக் கூறுபோட்டு வைக்கப்பட்டிருப்பதால் பயன்படாமல் கிடக்கின்றன என்பதை நாம் பேசுவதில்லை. அறிவியலும் இசையும் சந்தித்த இடத்தில் விளைந்த வேலை இந்தக் கூறுபோடலில் அதிகம் அடிபடுகிறது. இரு துறையினரும் அதை அடுத்த துறையின் சொத்து என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிடுவதால் இழப்பது என்ன? 1934 கட்டுரையையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வட்டமான, எங்கும் ஒரே கனமுள்ள ஒரு தோலைத் தட்டினால் அது பல வகைகளில் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வெண்களின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகும். காதுக்கு அது வெறும் ஓசை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருப்பாகத் தெரிகிறதே, அந்தச் 'சாதம்' இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. வடித்த சோற்றோடு கிட்டக்கல்லின் கரும்பொடியைப் பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து, அதன் மேல் இன்னொரு படலம் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நடுவில் பாரம் கூடி விளிம்பை நோக்கிக் குறையும்போது மேல்தொனிகள் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் வரிசைக்கு வந்து சேர்கின்றன. ராமன் தோலின் மேல் நுண்மணலைத் தூவி, விரலால் வெவ்வேறு இடங்களைத் தொட்டபடி தட்டி, மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்தார். தனித்தனியாகச் சிதறியிருக்க வேண்டிய ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து தொனிகளுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டார். இரண்டு மூன்று வகை அதிர்வுகள் ஒரே சுருதியில் வந்து பொருந்துகின்றன. அதனால்தான் வித்துவான் விரலை எங்கே வைத்து எங்கே அடித்தாலும் 'நம்' ஒரு சுரமாகவும் 'தின்' ஒரு சுரமாகவும் தெளிவாகக் கேட்கிறது.

மேடைகளில் இந்தக் கட்டுரை அடிக்கடி பெயரளவில் வரும். நம் முன்னோரின் அறிவியலை நோபல் அறிஞரே ஒப்புக்கொண்டார் என்ற அளவில் பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எடுத்துப் படித்தால் அது சொல்வது இன்னும் குறுகலானது, இன்னும் சுவையானது என்று தெரியும். எந்தப் பாரம், எந்த விளிம்பு, எந்த விரல் என்று கேட்டுக்கொண்டே போகும் ஆராய்ச்சி அது. படிக்கக் கிடைக்காத ஆவணம் பெருமைச் சீட்டாகிவிடுகிறது. எல்லோரும் அதைக் காட்டுகிறார்கள், யாரும் அதோடு வாதம் செய்வதில்லை.

ராமனின் இசை ஆய்வுகள் ஏதோ ஓய்வு நேர விருப்பம் என்று கருதுவதும் தவறு. கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாக இருந்தபடி இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் ஆய்வகத்தில் அவர் பல ஆண்டுகள் உழைத்தது பெரும்பாலும் ஒலியியலில்தான். வில்லால் இழுக்கப்படும் தந்தியின் இயக்கத்தைப் பற்றி 1918இல் ஒரு முழு ஆய்வறிக்கை. 1921இல் வீணை, தம்புரா இரண்டின் குதிரைகளைப் பற்றிய கட்டுரை. தம்புராவின் குதிரை கூர்முனையாக இல்லாமல் அகன்று வளைந்திருக்கிறது. அதன்மேல் தந்திக்கடியில் ஒரு நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறார்கள். பாடநூல் விதிப்படி, தந்தியில் ஒரு மேல்தொனி அசையாமல் நிற்கும் புள்ளியை மீட்டினால் அந்தத் தொனி எழக்கூடாது. தம்புராவில் அது எழுகிறது, அதுவும் பலமாக. விதி பொய்த்தது ஏன் என்று தேடிய ராமன், வளைந்த குதிரைமேல் தந்தி பட்டுப் பட்டு விலகுவதில் விடையைக் கண்டார். 1927இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் கையேடு இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுத அவரிடம் கேட்டது சும்மா அல்ல. ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வந்ததும் இந்த இருபதாண்டு வேலை முழுவதும் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டது.

இந்த இழை ராமனோடு அறுந்துவிடவுமில்லை. 1954இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து பி.எஸ். ராமகிருஷ்ணா, மன்மோகன் சோந்தி இருவரும் அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிருதங்கத் தோலை நடுவில் ஒரு கனம், சுற்றிலும் ஒரு கனம் கொண்ட கூட்டுத் தோலாக எடுத்துக்கொண்டு கணக்குப்போட்டு, ராமன் மணல் தூவிக் கண்டதைச் சமன்பாட்டில் வருவித்தார்கள். அந்தச் சோந்திதான் பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போய், தொலைபேசியில் நம் குரல் நமக்கே எதிரொலிப்பதை நீக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மிருதங்கத்திலிருந்து தொலைபேசிக்கு நேர்க்கோடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஓர் இளைஞரின் கணக்கறிவு எந்தக் கருவியின்மேல் தீட்டப்பட்டது என்பதை அந்த 1954 கட்டுரை காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் சமிக்ஞைச் செயலாக்கம் படிக்கும் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

இசைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கதைதான். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல். நூலகங்களில் அது இசைத்தமிழ். உள்ளே புரட்டினால் பக்கம் பக்கமாகக் கணக்கு. ஒரு ஸ்தாயியைச் சம விகிதத்தில் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் பிரித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் தந்தியின் நீளம் எவ்வளவு, அதிர்வு எவ்வளவு என்று தசம தானங்கள்வரை போட்டு, இருபத்திரண்டு சுருதி என்ற வடமொழி மரபின் கணக்கை அவர் எதிர்க்கிறார். சித்த மருத்துவர், அச்சகம் நடத்தியவர், 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டியவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் மகள்களைக்கொண்டு வீணை வாசிக்கவைத்து வாதிட்டவர். அவர் முடிவை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. கணிதத் துறை மாணவர்கள் அந்தக் கணக்கைச் சரிபார்த்து எழுதும் பழக்கம் மட்டும் நம்மிடம் வரவில்லை.

மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்தர் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவருடைய 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் வரிகளை வைத்துக்கொண்டு அழிந்துபோன ஒரு கருவியை நரம்பின் நீளம், சுர இடைவெளி என்று எண்களின் வழியே மீட்க முனைந்த நூல் அது. இயற்பியல் படித்த ஒருவர் மட்டுமே அந்த வழியில் போயிருக்க முடியும். சிலப்பதிகாரம் கற்ற ஒருவர் மட்டுமே அங்கே போக நினைத்திருக்க முடியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. நம் பாடத்திட்டத்தில் அவருடைய வாசகர் இரண்டு பேராகப் பிரிந்துபோனார்.

வகைப்பாடு மட்டும் காரணமல்ல, எதைக் காப்பது என்ற தேர்விலும் இதே கோணல் இருக்கிறது. முடித்த நூலுக்கும் அச்சான கட்டுரைக்கும் உள்ள மதிப்பு வேலைத் தாள்களுக்கு இல்லை. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கலிலியோவின் எழுத்துகளை 1890 முதல் இருபது தொகுதிகளாகப் பதிப்பித்த அன்டோனியோ ஃபவாரோ மிகக் கவனமான பதிப்பாசிரியர். அவரும் வெறும் எண்களும் கோடுகளும் மட்டுமே இருந்த தாள்கள் பலவற்றைப் பதிப்பில் சேர்க்காமல் விட்டார். 1970களில் ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் மூலத் தாள்களையே எடுத்துப் பார்த்தார். ஒரு தாளில் 33, 130, 298, 526 என்று 2104 வரை எட்டு எண்கள். பக்கத்தில் 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்கள். சரிவுப் பலகையில் உருண்ட குண்டு சம நேர இடைவெளிகளில் கடந்த தூரங்கள் அவை என்று டிரேக் கண்டார். துல்லியமான கடிகாரம் இல்லாத காலத்தில் அவ்வளவு சிறு நேரத்தை எப்படிச் சமமாகப் பிரிப்பது? கலிலியோவின் தந்தை வின்சென்சோ, லூட் வாத்தியக் கலைஞர். தந்தியின் இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைச் சோதித்துப் பார்த்தவர். மகனும் லூட் வாசித்தார். லூட்டில் கட்டும் நரம்பைப் போலப் பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைத் தாண்டும் சத்தம் ஒரு பாட்டின் தாளத்தோடு பொருந்தும்வரை அவற்றை நகர்த்தியிருப்பார் என்பது டிரேக்கின் கருதுகோள். அவரே அப்படிச் செய்தும் பார்த்தார். கருதுகோளை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விவாதமே எண்கள் மட்டும் இருந்த ஒரு தாளை நூலகம் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் எழுந்தது.

நம் பல்கலைக்கழகங்களில் என்ன நடக்கிறது? 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது நல்ல வேலை. 'சோத்கங்கா' தளத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இன்று வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. ஆனால் அது அடிப்படையில் எழுத்துக்கான களஞ்சியம். ஓர் இசை ஆய்வேட்டின் உயிர் அதில் மேற்கோளாக வரும் பாடல்களின் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஓர் ஒலியியல் ஆய்வேட்டின் உயிர் அளந்த எண்களில் இருக்கிறது. ஆய்வேடு ஒப்படைக்கும்போது இவை உறையில் போட்ட குறுந்தட்டாக ஒட்டிக்கொண்டு வரும், அல்லது ஆய்வாளரின் வீட்டிலேயே தங்கிவிடும். துறைப் பெயரின் கீழ்தான் எல்லாம் பட்டியலாகிறது. தமிழில் எழுதியது ஒருபுறம், ஆங்கிலத்தில் எழுதியது ஒருபுறம். 'சுருதி' பற்றித் தமிழ்த் துறை, இசைத் துறை, இயற்பியல் துறை, கணினித் துறை என நான்கு இடங்களில் ஆய்வேடுகள் வந்தாலும் ஒன்றையொன்று அறியாமலே வரும்.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து வைக்க வேண்டும் என்றால் முதல் மறுப்பு இசைக்கலைஞர்களிடமிருந்து வரும். 'ராமன் மணல் தூவும் முன்பே மிருதங்கம் சுருதி சேர்ந்துதானே இருந்தது? காதுக்குத் தெரிந்ததை எண்ணில் சொல்லி என்ன ஆகப்போகிறது?' இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது, அதனாலேயே அதை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அறிவு முதலில் யாரிடம் இருந்தது? பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் சேர்ந்த கருவி மிருதங்கம். எந்தத் தோல் எங்கே போக வேண்டும், சாதத்தை எத்தனை படலத்தில் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அதைச் செய்பவர்கள். அவர்களில் பலர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020இல் அவர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் வரும்வரை அவர்கள் பெயர்கூடப் பொது வாசகருக்குத் தெரியாது. வித்துவான்களுக்கு விருது, இயற்பியலாளருக்குக் கட்டுரை. தோலைத் தடவிப் பார்த்தே அதன் கனம் சொல்பவருக்கு ஆவணத்தில் ஒரு வரி இல்லை. எண்ணில் எழுதுவது வீண் என்பதற்கு இது சான்றாகாது. செய்பவரின் கைக்கணக்கு, வாசிப்பவரின் காது, அளப்பவரின் எண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஆவணம் வேண்டும் என்பதற்குத்தான் சான்றாகும். ஒன்றை மட்டும் வைத்தால் மற்ற இருவரின் உழைப்பும் அந்த ஒருவர் கணக்கில் வரவாகிவிடும்.

பழைய எண்கள் இன்று பயன்படுமா என்ற ஐயத்துக்கும் பதில் இருக்கிறது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் உலகின் ஐந்து இசை மரபுகளைக் கணினிவழி ஆராய்ந்தது. அதில் கர்னாடக இசையும் ஒன்று. சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது. பாடகரின் ஆதார சுருதியைக் கணினி தானே கண்டுபிடிப்பது, ராகத்தின் அடையாளச் சங்கதிகளை நீண்ட ஒலிப்பதிவிலிருந்து பிரித்தெடுப்பது போன்ற வேலைகள் நடந்தன. கமகத்தோடு பாடும் சுரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, ஒரு பரப்பில் அசைகிறது என்பது இத்தகைய அளவீடுகளில் கண்ணுக்கே தெரிகிறது. அப்படியானால் இருபத்திரண்டா இருபத்துநான்கா என்று பண்டிதர் காலத்தில் நடந்த சண்டையையே வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பண்டிதரின் கணக்கும், 1930 முதல் வெளிவரும் சென்னை மியூசிக் அகாதெமி ஆய்விதழின் ராக லட்சண விவாதங்களும், இன்றைய கணினி வரைபடங்களும் ஒரே மேசைக்கு வர வேண்டும். கணினிக் குழுக்களுக்கு ஒழுங்காகப் பதிந்த ஒலிப்பதிவும் அதைப் பற்றிய விவரமும்தான் உயிர்நாடி. யார் பாடியது, எந்த ஆண்டு, என்ன கட்டை என்ற விவரம் இல்லாத ஒலிநாடாவைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

'எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே' என்பவர்களுக்கும் இதுவே பதில். ரசிகர்கள் ஏற்றியதால் எத்தனையோ அரிய கச்சேரிகள் பிழைத்திருக்கின்றன. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் வேகம் மாறிப்போன நாடாவிலிருந்து ஏற்றிய பாட்டில் சுருதி அரைக்கட்டை ஏறியிருந்தால் கேட்பவருக்குக் குறையில்லை, அளப்பவருக்கு அது பொய்ச்சாட்சி. நாளைக்கே அந்தப் பதிவு நீக்கப்பட்டால் கேட்க ஆளில்லை.

உரிமைச் சிக்கல் உண்மையானது. ஆனால் அதைச் சாக்காக்கத் தேவையில்லை. இந்தியச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். கிராமபோன் காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. வெளியிடாத களப்பதிவுகளுக்கு, அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் நடத்தும் இசையியல் ஆவண மையம் வழி காட்டியிருக்கிறது. பதிவை ஒப்படைப்பவரின் உரிமை அவரிடமே இருக்கும். யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்ற நிபந்தனையை அவர் விதிக்கலாம். ஆர்னால்ட் பேக் 1938இல் தென்னிந்தியாவில் பதிந்த பாடல்களை எடுத்துக்கொண்டு, அந்த மையத்தை நிறுவிய நசீர் ஜைராஸ்பாய் 1984இல் அதே ஊர்களுக்குப் போய், என்ன மாறியது, என்ன தங்கியது என்று ஆராய முடிந்தது. பதிவோடு ஊரும் நாளும் எழுதி வைத்திருந்ததால் அது முடிந்தது.

பணம்தான் கடைசி மறுப்பு. எல்லாவற்றையும் காக்க முடியாது என்பது சரி. தனியாக ஒரு பிரம்மாண்டக் கட்டிடம் கட்டச் சொல்லவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமானபோது, நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும்கூட ஆய்வுக்குரிய பொருள்தான் என்ற முடிவே முதலில் வந்தது, கட்டிடம் பிறகு வந்தது. செலவு குறைந்த வேலைகள் இரண்டு உடனே செய்யத்தக்கவை. ஒன்று, ஏற்கெனவே மின்வடிவில் இருக்கும் ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் துறைகடந்த பொருள் குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ப்பது. ராமனின் கட்டுரைக்கு 'மிருதங்கம்', 'சாதம்', 'வலந்தலை' என்று மூன்று சொல் சேர்த்தால் போதும், இசை மாணவி அதைக் கண்டுகொள்வார். பண்டிதரின் நூலுக்கு 'மடக்கை', 'சம விகிதப் பகுப்பு' என்று சேர்த்தால் கணித மாணவர் வருவார். நூலக அறிவியல் துறைகள் மாணவர் பயிற்சியாகவே இதை நடத்தலாம். இரண்டு, முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு ஒப்படைக்கும்போதே ஒலிப்பதிவையும் அளவீட்டுக் கோப்புகளையும் விவரக் குறிப்போடு ஒப்படைக்க வேண்டும் என்று விதி சேர்ப்பது.

கொஞ்சம் செலவு கேட்கும் மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் அவசரம் அதிகம். ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர்கள், ஒலியியல் ஆய்வாளர்கள் வீடுகளில் 1970களிலும் 80களிலும் பதிந்த சுருள் நாடாக்களும் கேசட்டுகளும் இருக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்கிறது. நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது. சுருள் நாடாவை ஓட்டும் கருவி இப்போது கடையில் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். நாடா உறையில் பெயர் எழுதாத பதிவைக் கேட்டு, இது இன்னார் குரல், இது இந்த ஊர்க் கச்சேரி என்று சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயது ஆகிறது. தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு நல்ல ஓட்டுக் கருவிகளையும், ஒரு தொழில்நுட்பரையும், இசை தெரிந்த ஒரு பட்டியலாளரையும் வைத்து இந்த ஆண்டே வீடு வீடாகப் போகத் தொடங்க வேண்டும். போகிறவர்கள் வித்துவான் வீட்டோடு நிறுத்தாமல், மிருதங்கம் செய்பவரின் பட்டறைக்கும் பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.